டி.சி.யில் எழுதாத அங்க அடையாளங்கள்

மார்ச் பிறந்தால் பிளஸ் டூ தேர்வு. தேர்வு முடிந்தால் பள்ளிக்கூடத்தோடு கணக்கு முடிந்தது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆண்கள் மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து விடைபெறும் பையன்களைப் பற்றியவை. எனவே இந்தப் பகுதி முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: ஆண்கள் பள்ளிப் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள்? ஒவ்வொருவனையும் பற்றித் தனியாக எழுத என்ன இருக்கிறது?
— ஒரு வாசகர், கரூர்

டி.சி.யை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அங்க அடையாளம் என்ற இடத்தில் இரண்டு மச்சம். நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’. வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதே நன்றுதான்.

வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். வராந்தாவில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே எந்த சார் வருகிறார், என்ன மனநிலையில் வருகிறார் என்று சொல்கிறவன் ஒருவன் இருப்பான். ஃபேன் நின்றுபோனால் எலக்ட்ரீஷியனுக்கு முன்பே நினைவுக்கு வருகிறவன் ஒருவன். நான்கு பேருக்குப் பேனா கடன் கொடுத்துவிட்டுப் பரீட்சையன்று தனக்குப் பேனா தேடி அலைகிறவன் ஒருவன். அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் உள்ளே எலுமிச்சை சாதமா தயிர் சாதமா என்று வாசனையிலேயே சொல்கிறவனும் உண்டு. அதில் பாதி தினமும் அவன் வயிற்றுக்குத்தான் போகிறது, தெரியாமல் இருக்குமா?

மச்சம் எந்தக் கையில் இருக்கிறது என்று பதிவு செய்துவிட்டோம். இவற்றைப் பதிவு செய்யாமல் அனுப்பினால் பையனைப் பாதிதான் அனுப்புகிறோம்.

கேள்வி: பிளஸ் டூ பையன்களுக்கு மீசைமேல் ஏன் அவ்வளவு அக்கறை?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

சட்டை அப்பா எடுத்துக் கொடுத்தது. சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது. பஸ் பாஸ் இலவசம். மீசை ஒன்றுதான் அவன் சொந்தச் சம்பாத்தியம். தடவிப் பார்க்கமாட்டானா?

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. முன்பெல்லாம் பதினோராம் வகுப்பு முடித்ததும் பையன் பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போய்விடுவான். தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் ஒன் தொடங்கியது. 1980இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாயின. கல்லூரி வாசலில் முளைத்திருக்க வேண்டிய மீசை பள்ளி மைதானத்தில் முளைக்கத் தொடங்கியது அப்போதுதான். ஆறாம் வகுப்பில் அரைக்கால் சட்டையோடு வந்தவனை மீசையோடு வழியனுப்பும் கொடுப்பினை நம் ஆசிரியர்களுக்கு வாய்த்ததும் அப்படித்தான்.

கேள்வி: ஆண்கள் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ வகுப்பாசிரியையாக இருக்கிறேன். பிரிவு உபசார விழாவில் ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வாசிக்க ஆசை. எப்படி எழுதுவது?
— ஓர் ஆசிரியை, விழுப்புரம்

முதலில் உங்களுக்கு என் வணக்கம். எழுதியதைப் பெயரைச் சொல்லாமல் வாசித்துப் பாருங்கள். வகுப்பே சேர்ந்து ஒரு பெயரைக் கத்தினால் அது அவனைப் பற்றிய வரி. ‘பண்பானவன், ஒழுக்கமானவன்’ என்று வாசித்தால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். நாற்பது பேரில் யார் வேண்டுமானாலும் அது. கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்யும்போது ஒரு சொட்டு கூடிப்போய், வெளிர் சிவப்பில் நிற்கவேண்டியது கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருக்கும். “மிஸ், என் பர்மாங்கனேட்டுக்கு உணர்ச்சி அதிகம்” என்று ஒருவன் சொல்லியிருப்பான். அந்த மாதிரி ஒன்றை எழுதுங்கள். கூரை அதிரும்.

வேடிக்கை அவன் செய்ததைப் பற்றி இருக்கட்டும். நிறம், எடை, உயரம், பேச்சுத் திக்கல், சாதி, வீட்டு நிலைமை, இவற்றின் பக்கமே போகவேண்டாம். பட்டப்பெயரைச் சொல்லலாமா என்று சந்தேகம் வரும். அந்தப் பெயரில் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புகிறானா, சொல்லுங்கள். தலையைக் குனிகிறானா, அதை வகுப்பிலும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நன்றாகப் படிக்கிறவனுக்கு ஆறு வரி, மற்றவனுக்கு ஒரு வரி என்று ஆகிவிடக் கூடாது. வரிகளைப் பையன்கள் எண்ணுவார்கள். விழாவுக்கு வந்த அம்மாக்களும் எண்ணுவார்கள்.

கேள்வி: எல்லாரும் கடைசி பெஞ்சையே கொண்டாடுகிறார்கள். முதல் பெஞ்ச் என்ன பாவம் செய்தது?
— ஒரு முதல் பெஞ்ச் மாணவன், பாளையங்கோட்டை

நியாயமான கேள்வி, தம்பி. சாக்பீஸ் தூசி முதலில் விழுவது உங்கள்மேல். கேள்வி முதலில் பாய்வதும் உங்கள்மேல். பிராக்டிக்கலுக்கு முந்தின இரவு உன் ரெக்கார்ட் நோட்டு ஊர் சுற்றப் போகும். அந்த ஒரு நோட்டைப் பார்த்து முப்பது நோட்டு பிறக்கும். நீ தப்பாகப் போட்ட அம்புக்குறி முப்பதிலும் தப்பாமல் இருக்கும். மறுநாள் காலை டீக்கறையோடு திரும்பி வரும். நீ கோபித்துக்கொள்ளாமல் வாங்கிப் பையில் வைப்பாய். கடைசி பெஞ்ச் ஆண்டு முழுவதும் தைரியமாக இருந்தது உன் கையெழுத்தை நம்பித்தான்.

அவர்களுக்கும் உரியதைக் கொடுத்துவிடுவோம். ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்கியவர்கள் அவர்கள். ஸ்போர்ட்ஸ் டேயில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் அவர்கள். வகுப்பில் ஒருவனுடைய அப்பா தவறிவிட்டால், செய்தி ஆசிரியர் அறைக்கு வருவதற்குள் அந்த வீட்டு வாசலில் நிற்பவர்களும் அவர்களே. இரண்டு பெஞ்சும் சேர்ந்தால்தான் ஒரு வகுப்பு.

கேள்வி: என் மகன் வீட்டில் ‘ம்’, ‘இல்ல’, ‘சாப்டேன்’ இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் வாயாடி என்கிறார்கள். நம்புவதா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

நம்புங்கள் அம்மா. வகுப்பு முழுக்க மாப்ள, மச்சான், பங்காளி என்று உறவு வைத்திருக்கிறவன் அவன். அத்தனை சொந்தக்காரர்களோடும் பேசிவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் அன்றைய இருப்பு தீர்ந்திருக்கும்.

‘இன்னைக்கு என்ன படிச்சே?’ என்று கேட்டால் ‘படிச்சேன்’ என்று முடித்துவிடுவான். ‘ஃபுட்பால் ஆடி விழுந்தானே உன் சிநேகிதன், அவன் காலு சரியாயிடுச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள். தட்டில் தோசை ஆறிப்போகும்வரை பேசுவான். அவனைத் தெரிந்துகொள்ளும் வழி அவன் நண்பர்கள் வழியாகப் போகிறது.

கேள்வி: ஆண்டுதோறும் தேர்ச்சியில் பெண்களே முந்துகிறார்கள். நீங்கள் பையன்களைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறீர்களே, கண்டிக்க வேண்டாமா?
— ஓய்வுபெற்ற அலுவலர், சேலம்

2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம். அந்தப் பெண்பிள்ளைகளுக்கு எழுந்து நின்று கைதட்டுவோம். இடையில் விழுந்திருக்கும் அந்த நான்கு சதவீதத்தில் நிற்கிறவர்கள் யார் என்றும் பார்ப்போம்.

விடியுமுன் சைக்கிளில் பேப்பர் போட்டுவிட்டு வருகிறவன் அதில் இருக்கிறான். முகூர்த்த நாளில் கேட்டரிங்காரரோடு போய் நள்ளிரவுவரை பந்தி பரிமாறியவன் இருக்கிறான். சனி ஞாயிறில் மாமாவோடு பெயின்ட் வேலைக்குப் போகிறவன் இருக்கிறான். திங்கட்கிழமை அவன் காது மடலில் ஒரு வீட்டின் சுவர் நிறம் ஒட்டியிருக்கும். பள்ளியில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். வளரும் வயதின் பெரும்பசியோடு இவன் முதல் பீரியடில் கண் அசந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வராது. கண்டியுங்கள் ஐயா, காரணத்தைக் கேட்ட பிறகு கண்டியுங்கள்.

இந்தப் பையன்களுக்கு ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போனால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பந்தி பரிமாறுகிற பையன் உங்கள் தெருவில் இருந்தால் அவன் காதில் இதைப் போடுங்கள். பட்டியல் போட்டுக் கண்டிப்பதைவிட அது பலன் தரும்.

கேள்வி: பள்ளியை விட்டுப் போகும் மாணவனைப் பற்றித் தலைமையாசிரியர் சொன்ன சொல் காலத்துக்கும் நின்றதுண்டா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

உங்கள் ஊரிலேயே உண்டே! 1904இல் டவுன் ஹைஸ்கூலில் பரிசளிப்பு. கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை ராமானுஜனுக்கு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தகுந்தவன் இந்த மாணவன் என்ற பொருளில் அறிமுகம் செய்தார். அந்தப் பையனுக்குப் பள்ளியில் இன்னொரு வேலையும் இருந்தது. சுமார் 1200 மாணவர்களை முப்பத்தைந்து சொச்சம் ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டில் அவன் உதவினான். ஒரு மாணவன் ஆசிரியர்களுக்கு வேலை ஒதுக்கியதைப் பார்த்து மற்ற பையன்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

பிறகு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்கள் பெரும்பாலானவற்றில் தவறி, உதவித்தொகையையும் இழந்தார் ராமானுஜன். கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் ஒன்று சொன்னது, பள்ளித் தலைமையாசிரியர் வேறொன்று சொன்னார். யார் சொன்னது சரி என்று உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு பையனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்லும் வார்த்தைக்கு அவ்வளவு ஆயுள்.

கேள்வி: நான் முதல் மார்க்கும் இல்லை, ஃபெயிலும் இல்லை. கிரிக்கெட் டீமில் பன்னிரண்டாவது ஆள். என்னைப் பற்றி எழுத ஏதாவது இருக்கிறதா?
— ஒரு பிளஸ் டூ மாணவன், அருப்புக்கோட்டை

இருக்கிறது தம்பி. மேலே சொன்ன அதே ராமானுஜன் கதையில் உன்னைப் போல் ஒருவன் வருகிறான். 1903இல், ஐயாயிரம் தேற்றங்கள் அடங்கிய கார் என்பவரின் கணிதத் தொகுப்பை நூலகத்திலிருந்து எடுத்துவந்து ராமானுஜன் கையில் கொடுத்தவன் ஒரு நண்பன். அந்தப் புத்தகம்தான் அவர் மேதைமையைத் தட்டி எழுப்பியது என்கிறார்கள். கொண்டுவந்து கொடுத்தவன் என்ன மார்க் வாங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. அவன் செய்த காரியம் நிற்கிறது.

நீயும் செய்திருப்பாய். தாகமென்றவனுக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடியது பன்னிரண்டாவது ஆள்தான். வராதவனுக்கு நோட்ஸ் எடுத்து வைத்தவன், சண்டை போட்ட இருவரையும் ஒரே சைக்கிளில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியவன், ஹால் டிக்கெட்டை மறந்தவனுக்காக அவன் வீடுவரை மிதித்தவன், இவர்கள் எல்லாம் பெரும்பாலும் நடு பெஞ்சுதான். மாநில முதலிடப் பட்டியல் வெளியிடுவதை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. நீயும் உன் மனசுக்குள் ஓடும் பட்டியலை நிறுத்து.

கேள்வி: கடைசி நாளில் யூனிஃபார்ம் சட்டை முழுக்க நண்பர்களிடம் பேனாவால் எழுதி வாங்கி வந்திருக்கிறான். எந்த சோப்புக்கும் போகவில்லை. என்ன செய்வது?
— ஒரு தாய், ஈரோடு

இனிமேல் துவைக்காதீர்கள். மடித்து உங்கள் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டில் விலை கூடியது எது என்று அவன் கல்யாணத்தன்று தெரியும்.

கேள்வி: ஃபேர்வெல் அன்று அழுதால் கேலி செய்கிறார்கள். ஆண்பிள்ளை அழலாமா?
— ஒரு மாணவன், தூத்துக்குடி

தாராளமாக அழலாம். கேலி செய்தவனைத் தேடிப் பார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பான்.

கேள்வி: பள்ளி முடித்து இருபத்தைந்து ஆண்டாகிறது. எங்கள் வகுப்புப் பையன்கள் சந்திப்பு வைத்திருக்கிறார்கள். டாக்டர், இன்ஜினியர் எல்லாம் வருவார்கள். நான் லாரி ஓட்டுகிறேன். போகக் கூச்சமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், நாமக்கல்

அவசியம் போங்கள். அங்கே டாக்டருக்கும் பட்டப்பெயர்தான், இன்ஜினியருக்கும் பட்டப்பெயர்தான். நீங்கள் யார் என்பது, உங்களுக்கு ஒரு தொழில் அமைவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். உங்களைப் போலவே கூச்சத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னும் சிலர் இருப்பார்கள். வேலை போனவன், கடனில் இருப்பவன், உடம்பு சரியில்லாதவன். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் அவர்களும் கிளம்புவார்கள். முதலில் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.

உங்கள் வகுப்பாசிரியர் இருக்கிறார் என்றால், ஒரு காரை எடுத்துக்கொண்டு போய் அவரைப் பத்திரமாக அழைத்து வாருங்கள். அந்த வகுப்பிலேயே அதற்குப் பொருத்தமான ஆள் நீங்கள்தான். வழியில் அவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தமாகியிருக்கலாம்.