ஆளில்லாத் தொகுதிக்கு இரண்டு எம்.பி.

வீடு வீடாகப் போய்க் கும்பிடு போட வேண்டாம். யார் வீட்டுக் குழந்தையையோ தூக்கிப் பெயர் சூட்ட வேண்டாம். ஆரத்தித் தட்டில் நோட்டு வைக்க வேண்டாம், டீக்கடையில் நின்று வடை சுட வேண்டாம். ஜெயித்த பிறகு ஐந்து வருடம் தலைகாட்டாவிட்டாலும் 'எங்கள் எம்.பி.யைக் காணவில்லை' என்று எவனும் போஸ்டர் ஒட்ட மாட்டான். ஒட்டுவதற்குச் சுவரே கிடையாது. எந்தக் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்தாலும் நம் அரசியல்வாதிகளுக்குக் கிடைக்காத இப்படியொரு தொகுதி நிஜமாகவே இருந்தது. அதுவும், ஜனநாயகத்தைத் தொட்டிலில் போட்டு ஆட்டியதே நாங்கள்தான் என்று மார்தட்டும் இங்கிலாந்தில்.

தொகுதியின் பெயர் ஓல்ட் சாரம். வில்ட்ஷயர் பகுதியில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் ஒரு மொட்டைக் குன்று. சுற்றி அகழி, மேலே இடிந்த கோட்டை, சரிவில் உழுத வயல். இதற்கு லண்டன் நாடாளுமன்றத்தில் இரண்டு இடம். அதே காலத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த மான்செஸ்டருக்கு ஓர் இடம்கூட இல்லை. இந்தக் கூத்து 1832 வரை நடந்தது.

எடுத்த எடுப்பிலேயே அது மொட்டைக் குன்றாக இருக்கவில்லை. நார்மானியர்கள் வந்து குன்றின் மேல் கோட்டை கட்டினார்கள். பக்கத்திலேயே பேராலயமும் கட்டினார்கள். சிப்பாய்களையும் பாதிரிமார்களையும் ஒரே மதிலுக்குள் குடிவைத்தால் என்ன ஆகும்? ஒரு உறையில் இரண்டு கத்தி. தண்ணீருக்குப் பஞ்சம். காற்று அடிக்கிற அடியில் தாங்கள் பாடும் ஜெபம் தங்கள் காதிலேயே விழவில்லை என்று பாதிரிமார்கள் புலம்பினார்கள். ஒருமுறை ஊர்வலம் போய்விட்டுத் திரும்பியவர்களைச் சிப்பாய்கள் உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிட்டதாகவும் ஒரு கதை. கடைசியில் போப்பாண்டவரிடம் மனுப் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, 1220இல் கீழே ஆற்றங்கரைச் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதுதான் இன்றைய சாலிஸ்பரி. பாதிரிமார் இறங்கியதும் வியாபாரி இறங்கினான், வியாபாரி இறங்கியதும் ஊரே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. பிற்பாடு பழைய பேராலயத்தின் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போய்ப் புதியதற்குச் சுற்றுச்சுவர் வைத்தார்கள்.

ஊர் இப்படிக் கரைந்துகொண்டிருந்தபோதுதான், 1295இல், மன்னர் முதலாம் எட்வர்ட் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். ஓல்ட் சாரத்திலிருந்தும் இரண்டு பேர் வரட்டும் என்று ஓலை போனது. ஊர் இடம் மாறிய சேதி லண்டனுக்கு எட்டவில்லையோ, எட்டியும் ஏட்டில் ஏறவில்லையோ. நம்மூர் வாக்காளர் பட்டியலில் செத்துப்போன தாத்தா மூன்று தேர்தல் தாண்டியும் உயிரோடிருப்பார் அல்லவா, அதுபோலச் செத்துப்போன ஊர் ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் எம்.பி. அனுப்பிக்கொண்டிருந்தது. 1668இல் நாட்குறிப்புப் புகழ் சாமுவேல் பீப்ஸ் இருட்டுகிற நேரத்தில் தனியாக அங்கே போய் மாட்டிக்கொண்டு, பயந்துபோய் இறங்கினார். அவர் பயந்து நடுங்கிய அந்தப் பாழிடத்துக்கு அப்போதும் இரண்டு எம்.பி. இருந்தார்கள்.

எப்படி முடிந்தது என்று கேட்கலாம். கள்ள ஓட்டு இல்லை, பூத்தைக் கைப்பற்றவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. எல்லாம் சட்டப்படி. அந்தத் தொகுதியில் ஓட்டு ஆளுக்கு இல்லை, மனைக்கு. பழைய ஊரில் வீடிருந்த குறிப்பிட்ட சில மனைகளுக்கு ஓட்டுரிமை. வீடு விழுந்தாலும், மனை மேட்டுநிலமாகி அதில் கோதுமை விதைத்தாலும், உரிமை மண்ணோடு ஒட்டிக்கொண்டேயிருக்கும். எனவே ஒரு பிரபு மனைகளையெல்லாம் மொத்தமாக வாங்கிப் போட்டால் தொகுதியே அவர் பட்டாவில் வந்துவிடும். தேர்தல் நெருங்கினால் நம்பிக்கையான நாலு பேருக்கு மனைகளைத் தற்காலிகமாக எழுதிக்கொடுப்பார். அவர்கள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பினாமி என்பதை நாம் கண்டுபிடித்ததாக யாராவது பெருமைப்பட்டால் இந்த வரலாற்றைச் சொல்லி அடக்கலாம்.

வாக்குப்பதிவு நடக்கும் அழகே தனி. ஊரில் கூரை கிடையாதாகையால் குன்றின் அடிவாரத்து வயலில் ஓர் எல்ம் மரம்தான் வாக்குச்சாவடி. அதற்கு நாடாளுமன்ற மரம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மரத்தடியில் ஒரு கூடாரம், கூடாரத்துக்குள் ஒரு மேசை. தேர்தல் அதிகாரி மன்னரின் ஆணையைக் கம்பீரமாகப் படிப்பார். அடுத்து, 1729ஆம் வருடத்து லஞ்சத் தடுப்புச் சட்டத்தையும் படித்தாக வேண்டும், அது கட்டாயம். வாக்காளருக்குப் பணம் கொடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அவர் படிக்க, பிரபு எழுதிக்கொடுத்த மனைப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த நாலைந்து பேரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுத்தால்தானே லஞ்சம், தொகுதியையே கிரயம் பண்ணினால் அது சொத்து!

அப்படிக் கிரயம் பண்ணியவர்களில் ஒருவர் நமக்கு ரொம்ப வேண்டியவர். தாமஸ் பிட். இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோக உரிமையை மதிக்காமல் வங்காளக் கரையில் திருட்டு வியாபாரம் செய்தவர். கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது, அபராதம் போட்டது, மனிதர் அசரவில்லை. அந்த வியாபாரத்தில் சேர்த்த பணத்தில், 1691இல், ஓல்ட் சாரத்தை சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து வாங்கிப்போட்டார். கம்பெனி யோசித்தது. திருடனைப் பிடிக்க முடியாவிட்டால் அவனையே காவலுக்கு வைப்பதுதான் லாபம். 1698இல் அவரையே மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னராக அனுப்பி வைத்தது.

மெட்ராஸில் அவர் பதினொரு வருடம் இருந்தார். கர்நாடக நவாப் தாவூத் கான் 1702இல் கோட்டையை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்து, பேரம் பேசி, பணம் கட்டி அனுப்பினார். 1708இல் அதே தாவூத் கானிடமிருந்து திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்கு வாங்கிக்கொடுத்தார். மனிதருக்கு ஊர்களை மொத்தமாக வாங்குவதில் ஒரு கைராசி இருந்திருக்கிறது.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது வேறொரு கொள்முதலில். ஜாம்சந்த் என்ற வைர வியாபாரி 410 காரட்டில் ஒரு பட்டை தீட்டாத கல்லைக் கொண்டுவந்து, விலை இரண்டு லட்சம் வராகன் என்றார். பிட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வியாபாரி போனார், வந்தார், ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினார். மறுபடி போனார், மறுபடி வந்தார். கொத்தவால் சாவடியில் கத்தரிக்காய் வாங்குகிற பொறுமையோடு இருந்து, கடைசியில் 48,000 வராகனுக்குப் படிய வைத்தார் கவர்னர். இங்கிலீஷ் கணக்கில் இருபதாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரிக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கம்பெனியில் ஆளில்லை. கேட்டிருந்தால் கேட்டவருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

கல்லை மகன் ராபர்ட் கையில் கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார். பட்டை தீட்டியதில் 141 காரட் மிஞ்சியது. 1717இல் பிரான்ஸ் நாட்டு ராஜப்பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். சுரங்க அடிமை ஒருவன் காலைக் கீறிக் காயத்துக்குள் அந்தக் கல்லை ஒளித்துக் கொண்டுவந்தான், அவனைக் கொன்று பறித்ததுதான் அது, என்றெல்லாம் ஊர் பேசியது. பிட் தாங்க முடியாமல், நான் நியாயமாகத்தான் வாங்கினேன் என்று ஒரு வாக்குமூலமே எழுதி வைத்தார். வைரத்தைப் பற்றித்தான் எழுதினார். தொகுதியை எப்படி வாங்கினீர் என்று யாரும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது, வயல் வாங்குவது குற்றமா?

வைரம் போனது, தொகுதி குடும்பத்தில் தங்கியது. அப்பா மெட்ராஸில் இருக்கும்போதே, 1705இல், மகன் ராபர்ட் ஓல்ட் சாரம் எம்.பி. ஆனார். பிறகு பேரன்கள். 1734 தேர்தலில் பெரிய பேரன் தாமஸ் இரண்டு தொகுதிகளில் ஜெயித்துவிட்டு, ஓல்ட் சாரத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். 1735இல் 26 வயதில் அந்த மரத்தடி வழியாக உள்ளே நுழைந்த தம்பிதான் வில்லியம் பிட். இங்கிலாந்தைப் பேரரசாக்கிய பிரதமர் என்று அவர்கள் பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்களே, அவரேதான். வாரிசு அரசியலைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாற வேண்டியிருக்கும், ஏனென்றால் ஆள் நிஜமாகவே கெட்டிக்காரர். மூத்தவராகி, வேறு இடத்துக்கு மாறிய பிறகு, 1766இல் எழுந்து நின்று, இந்தச் செத்த தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய உறுப்புகள், தானாக விழாவிட்டால் வெட்டித்தான் எறிய வேண்டும் என்று முழங்கினார். ஏணியில் ஏறி மாடிக்குப் போனதும், ஏணி உளுத்துப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர் மகன் சின்ன பிட்டும் ஆப்பிள்பி என்ற இன்னொரு பிரபுவின் பைக்குள்ளிருந்த தொகுதி வழியாக வந்து, பிரதமராகி, 1785இல் இப்படிப்பட்ட 36 தொகுதிகளை உரியவர்களுக்குப் பணம் கொடுத்து ஒழிக்கலாம் என்று மசோதா கொண்டுவந்தார். தோற்றது.

அந்த மரத்தடியிலும் தோற்றவர் உண்டு. 1728 இடைத்தேர்தலில் நின்ற இளைஞர் ஹென்றி பாக்ஸ், பின்னாளில் பெரிய மந்திரி. ஒரு கூடாரத்துக்குள் அடங்கிவிடும் வாக்காளர்களைக்கூட வளைக்க முடியாத அவருக்குப் பிற்காலத்தில் ராணுவச் சம்பளக் கஜானாவையே ஒப்படைத்தார்கள். அதில் அவர் சம்பாதித்ததைப் பார்த்தால், தோல்வியிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1796இல் அங்கே எம்.பி. ஆனவர் மார்னிங்டன் பிரபு. மறுவருடமே ராஜினாமா, ஏனென்றால் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக உத்தியோகம். பின்னாளில் வெல்லெஸ்லி பிரபு என்று அறியப்பட்டவர் அவர்தான். 1799இல் திப்பு சுல்தானை முடித்தவர். ஆளே இல்லாத இடத்தின் பிரதிநிதியாக இருந்துவிட்டு, தன்னை யாரும் அழைக்காத தேசத்தை ஆள வந்தார். முன்னது பின்னதற்கு நல்ல பயிற்சி.

பிட் வம்சத்தின் கடைசி அத்தியாயம் கேம்ல்ஃபோர்ட் பிரபு. பேரைக் கேட்டாலே லண்டன் ஓடி ஒளியும் முரடர். கடல் பயணத்தில் தன்னைத் தண்டித்த கேப்டன் வான்கூவரை லண்டன் தெருவில் வைத்துத் தடியால் அடித்தவர். 1801இல் இவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. ஹார்ன் டூக் என்று ஒருவர். வாழ்நாள் முழுக்க, தேர்தல் முறையைத் திருத்து என்று கத்தி, ராஜத்துரோக வழக்கில் சிக்கி விடுதலையானவர். அவரைப் பிடித்து ஓல்ட் சாரம் எம்.பி. ஆக்கிவிட்டார். அழுகல் தொகுதிகளை ஒழிக்கச் சொன்னவர், இருப்பதிலேயே அழுகிய தொகுதி வழியாகச் சபைக்கு வந்தார். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அரசாங்கத்துக்கு வயிற்றெரிச்சல். தொகுதி மேல் கைவைக்க முடியாது, அது சொத்துரிமை. ஆள் மேல் என்ன குறை கண்டுபிடிக்கலாம் என்று தேடினார்கள். கிடைத்தது: டூக் இளவயதில் பாதிரியார் பட்டம் வாங்கியவர். உடனே பாதிரியார்கள் எம்.பி. ஆகக்கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கறுப்பு அங்கி ஆகாதென்றால் என் கறுப்பு வேலைக்காரனை அனுப்புகிறேன் என்று கேம்ல்ஃபோர்ட் மிரட்டியதாக ஒரு கதை உண்டு. அந்த வேலைக்காரரைக் கேட்டார்களா என்று கதையில் இல்லை.

1802இல் தொகுதி கை மாறியது. காலடன் பிரபு 60,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். நிலமும் உரிமைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 700 பவுண்டுதான் வருமானம். மிச்ச விலையெல்லாம் அந்த இரண்டு நாற்காலிக்கு. காலடன் குடும்பத்துச் சொத்தும் இந்தியாவில் கம்பெனி உத்தியோகத்தில் சேர்த்ததுதான். ஆக, வில்ட்ஷயர் மண்ணில் போட்ட உரத்தில் பெரும்பகுதி நம் பக்கத்துச் சரக்கு. 1826இல் அந்தப் பக்கம் குதிரையில் போன பத்திரிகையாளர் வில்லியம் காபெட், வேலை முடிந்து வந்த ஒரு கூலிக்காரரிடம் பிழைப்பு எப்படி என்று கேட்டார். படுமோசம் என்றார் அவர். உன்னைக் கொள்ளையடித்தது அதோ அந்தச் சபிக்கப்பட்ட குன்றுதான் என்று கைகாட்டிவிட்டுப் போனார் காபெட். அந்தக் கூலிக்காரருக்கு ஓட்டு இல்லை. பக்கத்திலிருந்த கோதுமை வயலுக்கு இருந்தது.

1831இல் கடைசித் தேர்தல். வாக்காளர் பட்டியலில் 11 பேர், ஒருவரும் உள்ளூர்க்காரர் இல்லை. 1832இல் சீர்திருத்தச் சட்டம் 56 தொகுதிகளை அடியோடு தூக்கியது. ஒழிக்கப்பட்டவற்றின் பட்டியலில் முதல் பெயர் ஓல்ட் சாரம். ஒரு மறியல் இல்லை, ஒரு கண்டனக் கூட்டம் இல்லை, பந்த் இல்லை. காலடன் பிரபுவுக்கு மட்டும்தான் வயிறு எரிந்திருக்கும். அவர் ஐரிஷ்காரர். 1800இல் அயர்லாந்தில் இதேபோன்ற தொகுதிகளை ஒழித்தபோது தொகுதிக்கு 15,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். இங்கே சல்லிக்காசு இல்லை.

ஹார்ன் டூக்கைத் துரத்த அவசர அவசரமாகச் செய்த சட்டம் மட்டும் தொகுதியோடு போகவில்லை. அது அடுத்த இரண்டு நூற்றாண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்த டேவிட் கெய்ர்ன்ஸ் என்பவரைத் தொழிற்கட்சி ஸ்காட்லாந்தில் வேட்பாளராக நிறுத்தியபோதுதான், அடடா, இப்படியெல்லாம் தடை இருக்கிறதே என்று ஏட்டைப் புரட்டினார்கள். 2001இல் புதிய சட்டம் போட்டு, பழைய தடைகளோடு அதையும் நீக்கினார்கள். கெய்ர்ன்ஸ் நின்றார், ஜெயித்தார். அவர் தொகுதியில் ஆள் இருந்தார்கள்.