டங்கன் பாதிரியாரின் ஆண்டறிக்கை

வங்கி ஆண்டறிக்கையை அச்சடித்தவரும் அதில் படம் வந்தவரும் தவிர வேறு யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. வழவழ தாள், முதல் பக்கத்தில் தலைவரின் சிரிப்பு, பிறகு வாயில் நுழையாத சதவீதங்கள். நடுவே ‘சமூகப் பொறுப்பு’ என்று நாலு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். அதில் கோட்டு போட்ட ஐந்து பேர் ஒரே ஒரு வேப்பங்கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். விட்டால் கன்று ஓடிவிடும் போல. அடுத்த பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மின்விசிறி. ஊருக்கு உழைத்தாயிற்று, அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

இந்த அறிக்கை வம்சத்தின் கொள்ளுத்தாத்தா பிறந்தது ஸ்காட்லாந்தின் தெற்கு ஓரத்தில், ரத்வெல் என்ற பட்டிக்காட்டில். சால்வே கழிமுகம் பக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். 1810இல் அங்கே ஒரு குடிசைக்குள் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். முதல் ஆண்டு சேர்ந்தது 151 பவுண்டு. அறிக்கை முடிந்தது. வேப்பங்கன்று இல்லை.

தொடங்கியவர் ஹென்றி டங்கன், ஊர்ப் பாதிரியார். 1774இல் வேறோர் ஊர்ப் பாதிரியாரின் வீட்டில் பிறந்தவர். பையன் உருப்படட்டும் என்று வீட்டார் லிவர்பூலில் ஒரு வங்கியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார். அப்புறம் இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று இறையியல் படிக்கப் போய்விட்டார். வங்கி வேலை பிடிக்காமல் ஓடிவந்த ஆள்தான் பின்னால் வங்கி வைத்தார் என்பதை மேலாண்மைப் படிப்பு நடத்துகிறவர்கள் யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை.

1799இல் ரத்வெல் வந்து சேர்ந்ததும் மனிதர் சும்மா இருக்கவில்லை. பஞ்ச காலத்தில் லிவர்பூலிலிருந்த அண்ணன் தம்பிகளைப் பிடித்து தானியம் வரவழைத்தார். நெப்போலியன் படையெடுத்து வரப்போகிறான் என்று நாடே நடுங்கியபோது ஊர்த் தொண்டர் படைக்குத் தானே கேப்டன் ஆனார். நெப்போலியன் வரவில்லை, ரத்வெல் பாதிரியாருக்குப் பயந்துதான் வரவில்லை என்பதற்கு ஆதாரமும் இல்லை. 1809இல் ஒரு வாரப் பத்திரிகையும் ஆரம்பித்தார். அடுத்த வருஷம் வங்கி தொடங்கும் எண்ணம் உள்ளவருக்கு இது முன்யோசனை. விளம்பரச் செலவு மிச்சம்.

அந்த ஊருக்கு வங்கி எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறார், சாதாரண சாட்சி இல்லை. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1796 ஜூலையில், சாகக் கிடக்கிற நிலையில், வைத்தியர் சொன்னார் என்று ரத்வெல் பங்கிலுள்ள பிரௌ என்ற இடத்துக்கு வந்தார். சிகிச்சை என்னவென்றால் ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சால்வேயின் சில்லென்ற கடல் நீரில் மார்பளவு இறங்கி நிற்பது. இதயம் கெட்டுப்போன மனிதருக்கு இதைச் சொன்ன வைத்தியரை என்ன செய்யலாம் என்று தெரியவில்லை. அங்கிருந்து பர்ன்ஸ் எழுதிய கடிதங்களில் ஒன்று, ஐந்து பவுண்டு அனுப்பும்படி பதிப்பாளரிடம் கெஞ்சியது. பர்ன்ஸும் தொண்டர் படைக்காரர்தான். அந்தச் சீருடைத் துணி பாக்கிக்காகக் கடைக்காரர் சிறைக்கு அனுப்பிவிடுவாரோ என்று நடுக்கம். நாட்டைக் காப்பாற்ற வாங்கிய உடுப்புக்கு நாட்டுக்குள்ளேயே ஜெயில். அப்போதைய பாதிரியார் வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுத்துக் கவனித்த பெண்களில் ஒருத்தி ஆக்னஸ் கிரெய்க். டங்கன் 1804இல் மணந்துகொண்டது அவரைத்தான். ஐந்து பவுண்டு இல்லாமல் ஒரு மகாகவி படும் பாட்டை நேரில் பார்த்தவர் வங்கிக்காரரின் மனைவி ஆனார்.

அன்றைய வங்கிகள் பத்து பவுண்டுக்குக் குறைந்த தொகையை ஏறெடுத்தும் பார்க்காது. கூலிக்காரன் பத்து பவுண்டைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். அவன் காசு கூரை இடுக்கில் இருக்கும், இல்லாவிட்டால் சாராயக் கடையில் இருக்கும். டங்கன் ஆறு பென்ஸ் கொண்டுவந்தாலும் கணக்கு என்றார். சேர்ந்த பணத்தை பிரிட்டிஷ் லினன் கம்பெனியில் போட்டு வைத்தார். (துணி வியாபாரத்தை வளர்க்க 1746இல் தொடங்கி, துணியை விடக் காசை நெய்வதே லாபம் என்று கண்டுகொண்ட நிறுவனம்.) அவர்கள் கொடுத்த வட்டி 5 சதவீதம். டங்கன் ஊராருக்குக் கொடுத்தது 4 சதவீதம். நடுவிலுள்ள ஒரு சதவீதத்தில்தான் நிர்வாகச் செலவு, ஏழைகளுக்கு உதவி, ஒழுங்காகச் சேமித்தவர்களுக்குப் பரிசு எல்லாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த 151 பவுண்டும் வருஷம் முழுக்க அசையாமல் கிடந்திருந்தால்கூட ஒரு சதவீதம் என்பது முப்பது ஷில்லிங் சொச்சம். உலகத்தின் முன்னோடி சேமிப்பு வங்கியின் முதலாண்டு வட்டி வருமானம் அதற்கு மேல் போயிருக்க வழியில்லை. அதற்குள் பேரேடு வாங்கி, மை வாங்கி, தர்மமும் செய்து, பரிசும் கொடுக்க வேண்டும். பாதிரியார் சம்பளம் இல்லாமல் கணக்கு எழுதியதால் தலைமை நிர்வாகியின் ஊக்கத்தொகை என்ற தலைப்பு வரவில்லை.

விதிமுறைகளைப் பார்த்தால்தான் வேடிக்கை. கணக்கு திறக்க வருகிறவரின் வயது என்ன, குடும்ப நிலவரம் என்ன, நடத்தை எப்படி என்றெல்லாம் விசாரித்தார்கள். இன்றைக்கு ஆதார் நகல், பான் நகல், இரண்டு புகைப்படம் கொடுத்தால் வங்கி திருப்தி அடைந்துவிடுகிறது. நீங்கள் போன சனிக்கிழமை எங்கே குடித்தீர்கள் என்று எந்தக் கிளை மேலாளரும் கேட்பதில்லை. டங்கன் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நிற்கிறவர், வங்கிப் பேரேட்டைத் திறக்கிறவர், வாரந்தோறும் பத்திரிகை போடுகிறவர் மூவரும் ஒரே ஆள். நிதி, நீதி, செய்தி மூன்று துறையும் ஒருவர் கையில் இருக்கும் ஊரில் கடன் வாங்கிக் குடிக்க எவனுக்குத் தைரியம் வரும்?

வருஷத்துக்கு நாலு ஷில்லிங்காவது போடாதவருக்கு ஒரு ஷில்லிங் அபராதம். ஆமாம், காசு இல்லை என்பதற்காகக் காசு பிடுங்குவது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று நம் கணக்கில் கைவைக்கும் இன்றைய வங்கிகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முன்னோரின் வழியிலிருந்து இம்மியும் விலகவில்லை. மூன்று வருஷம் விடாமல் போட்டவருக்கு 5 சதவீதம் கிடைக்க வழி இருந்தது. ஆனால் சும்மா இல்லை. கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், அல்லது 56 வயது ஆக வேண்டும், அல்லது செத்துப்போக வேண்டும். கூடுதல் ஒரு சதவீதத்துக்காக எத்தனை ரத்வெல் வாலிபர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பேரேட்டுக்கே வெளிச்சம்.

பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். ஒருவர் ஜுரத்தில் படுத்துவிட்டால் ஊர்ச் சேமிப்பு முழுக்க மூடிக் கிடக்கும். ஆனால் திருட வேண்டுமென்றால் மூன்று பேரும் கூட்டாகத் திட்டமிட வேண்டும், அதுவும் பாதிரியார் காதில் விழாமல். அந்த ஊரில் அது முடிகிற காரியமா?

இரண்டாம் ஆண்டு 176 பவுண்டு. மூன்றாம் ஆண்டு 241. பங்குச் சந்தை ஆய்வாளர் யாராவது இருந்திருந்தால் வளர்ச்சி மந்தம், விற்றுவிடுங்கள் என்று எழுதியிருப்பார். 1814இல் 922! கிட்டத்தட்ட நாலு மடங்கு. கூரை இடுக்குகள் காலியாகிக்கொண்டிருந்தன என்று அர்த்தம்.

இதெல்லாம் முழுக்க ஏழைகள் மேலுள்ள பாசத்தால் மட்டும் நடந்ததா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் ஏழைகளைக் காப்பாற்றச் சொத்துக்காரர்களிடம் கட்டாய வரி வசூலித்தார்கள். அந்த வரி ஸ்காட்லாந்துக்கும் வந்துவிடுமோ என்பது டங்கனின் கவலை. ஏழை தானே சேர்த்துக்கொண்டால் அந்தப் பேச்சே எழாது. அவரைப் பிடித்து உலுக்கியதே ஏழை வரியை ஒழிப்பது பற்றி ஜான் போன் என்பவர் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரம்தான். ஆக, உழைக்கிறவன் ஆறு பென்ஸ் ஆறு பென்ஸாகச் சேர்த்தால் பண்ணையாரின் மடியும் கனம் குறையாமல் இருக்கும். வில்லியம் காபெட் என்ற வாய்த்துடுக்குப் பத்திரிகைக்காரர் சேமிப்பு வங்கிகளையே பித்தலாட்டம் என்று கிழித்தார். சேமிக்க எதுவும் கொடுக்காமல் சேமிக்கக் கற்றுக்கொடுக்கிறார்களே என்பது அவர் எரிச்சல். காபெட் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முப்பது ஷில்லிங் வருமானத்தில் வங்கி நடத்துகிறவரைப் பித்தலாட்டக்காரர் என்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

எடின்பரோவில் படித்த கனவான்கள் சேர்ந்து இன்னொரு சேமிப்பு வங்கி தொடங்கி, ரத்வெல்காரர் விதிகள் ஒரே சிக்கல், எங்களுடையதே சரியான மாதிரி என்றார்கள். பொதுக்கூட்டம், இயக்குநர் சபை, நிலைக்குழு என்று ஒரு குடிசைக்குள் இத்தனை அடுக்கு எதற்கு என்று அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ‘யார் முதல்’ என்ற சண்டை வேறு. உண்மையைச் சொன்னால் 1804இலேயே லண்டன் பக்கத்து டாட்டனமில் பிரிசில்லா வேக்ஃபீல்டு என்ற பெண்மணி ஏழைகளுக்கு வங்கி வைத்துவிட்டார். ஆண்கள் முதலிடத்துக்கு அடித்துக்கொள்ளும்போது பெண்ணை எண்ணிக்கையில் சேர்ப்பது வழக்கமில்லை.

1815இல் டங்கன் தன் வங்கி முறையை விளக்கிச் சிறு நூல் எழுதினார். அங்கிருந்துதான் பிடித்தது சனி. பல ஊர்களிலிருந்து சந்தேகம் கேட்டுக் கடிதங்கள். அந்தக் காலத்தில் தபால் கட்டணத்தைப் பொதுவாகக் கடிதம் பெறுகிறவர்தான் கட்ட வேண்டும். சிக்கனம் எப்படிச் செய்வது என்று நாடே இவர் செலவில் கேட்டுக்கொண்டிருந்தது. 1817இல் இங்கிலாந்துக்குச் சேமிப்பு வங்கிச் சட்டம் வந்தது. ஸ்காட்லாந்துக்கும் வேண்டும் என்று இவர் லண்டன் வரை போய் அலைந்து, 1819இல் வாங்கி வந்தார்.

இனி நம்மவர்களின் ‘சமூகப் பொறுப்பு’ நாலு பக்கத்துக்கு வருவோம். டங்கனுக்கு அந்தப் பகுதி தனியாக ஒரு புத்தகம் ஆகும். ஊர்க் கோயிலில் ஆங்கிலோ சாக்ஸன் காலத்துக் கற்சிலுவை ஒன்று இருந்தது. ரூன் எழுத்தில் பழைய ஆங்கிலக் கவிதை வரிகள் செதுக்கியது. எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். விக்கிரக ஆராதனை கூடாது என்று பதினேழாம் நூற்றாண்டில் சபையே உடைத்துப் போட்டது. டங்கன் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்து 1823இல் தன் தோட்டத்தில் நிறுத்தினார். குறுக்குச் சட்டம் கிடைக்கவில்லை. அதனால் என்ன, புதிதாகவே ஒன்றைச் செதுக்க வைத்தார். அறிஞர்கள் இன்றும் அந்தக் குறுக்குச் சட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள்.

பிறகு பக்கத்துக் கார்ன்காக்கிள் மேட்டுக் கல் குவாரியில் மணற்பாறை மேல் ஏதோ மிருகத்தின் காலடிகள் தெரிந்தன. டங்கன் அச்செடுத்து ஆக்ஸ்ஃபோர்டு புவியியலாளர் வில்லியம் பக்லண்டுக்கு அனுப்பினார். பக்லண்டுக்கு முதலில் சந்தேகம். தீர்த்துக்கொள்ள ஓர் ஆமையைப் பிடித்துவந்து, பிசைந்த மாவைப் பரப்பி அதன் மேல் நடக்கவிட்டார். மாவு காலில் அப்பிக்கொண்டு ஆமை நகர மறுத்ததாம். நாட்டின் பெரிய மூளைகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி மாவு பிசைந்தார்களாம். கடைசியில் தடம் ஒத்துப்போனது என்று முடிவானது. 1828இல் டங்கனின் கட்டுரை எடின்பரோ ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. புதைபடிவக் காலடி பற்றிய முதல் அறிவியல் அறிக்கைகளில் அது ஒன்று. விட்டுச்சென்ற மிருகம் ஆமை இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. மாவு வீண்.

1839இல் ஸ்காட்லாந்து சபையின் பொதுப்பேரவைக்கே தலைவர் ஆனார். நாலே வருஷத்தில், பாதிரியாரை நியமிக்கும் உரிமை பண்ணையாருக்கா சபையாருக்கா என்ற தகராறில் நானூற்றுக்கும் மேற்பட்ட பாதிரியார்கள் வெளிநடப்புச் செய்தார்கள். டங்கனும் போனார். 68 வயதில் வீடு, சம்பளம், தோட்டம், தோட்டத்தில் நின்ற சிலுவை எல்லாம் போயிற்று. 1846இல் காலமானார்.

அவர் பெற்ற பிள்ளையின் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நாடெங்கும் முளைத்த அறங்காவலர் சேமிப்பு வங்கிகள் ஒன்றாகிச் சுருக்கமாக டி.எஸ்.பி. ஆயின. 1986இல் அதைப் பங்குச் சந்தையில் விற்கக் கிளம்பியபோதுதான் யாருக்கோ உறைத்தது: விற்கிறோமே, இது யாருடையது? பணம் போட்டவர்கள் எங்களுடையது என்று வழக்காடினார்கள். போட்ட காசும் வட்டியும் மட்டுமே உங்களுடையது என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அரசாங்கமும் எடுத்துக்கொள்ளவில்லை. நூறு கோடி பவுண்டுக்கும் மேல் வந்த பங்குப் பணம் வங்கியின் கல்லாவிலேயே விழுந்தது. வாங்கியவர்கள் தாங்கள் கொடுத்த காசையே வாங்கினார்கள். 1987இல் அந்தக் காசில் 77 கோடியே 70 லட்சம் கொடுத்து ஹில் சாமுவேல் என்ற முதலீட்டு வங்கியை வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1995இல் லாயிட்ஸோடு கல்யாணம், 2013இல் தனிக்குடித்தனம். 2014இல் எங்கள் தாத்தா யார் தெரியுமா என்று டங்கனைக் கார்ட்டூனாக வரைந்து தொலைக்காட்சி விளம்பரம். 2015இல் ஸ்பெயின் நாட்டு சபடேல் வங்கியிடம் கைமாற்றம்.

2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் கணக்குகளை எல்லாம் புதிய கணினி அமைப்புக்கு மாற்றினார்கள். 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. சீராக மாதக்கணக்கில் ஆயிற்று. 2022இல் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. பாதிரியாரின் பேரேட்டுக் கணக்கில் எழுதினால் 97 கோடியே 30 லட்சம் ஷில்லிங். இந்தத் தடவை கட்டியது வங்கி.