தோல்காப்பியம்

பாயிரம்

அச்சுக்கோப்பவர் ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கிவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். இது தோலைப் பற்றியும் காப்பைப் பற்றியும் கூறும் நூலாதலின் தோல்காப்பியம் எனக் காரணப்பெயர் பெற்றது. பந்தடிக்கும் கோலாகிய கியூவின் கைப்பிடிக்குத் தோல் சுற்றுவதே இதன் நுதலிய பொருள்.

பில்லியர்ட்ஸ் குடும்பத்தில் இங்கே எடுத்துக்கொண்டது ஆறு பைகளும் எண்ணிட்ட பந்துகளும் உடைய அமெரிக்க ஆட்டம். அதற்கு ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பெயர் ஒன்று உண்டு. அதைத் தமிழில் எழுதினால் இந்தப் பத்திரிகையை யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள். எனவே இடக்கரடக்கல் கருதிப் ‘பை ஆட்டம்’ என்றே வழங்குவோம்.

நூல் மூன்று அதிகாரமும் ஒரு புறனடையும் உடைத்து.

1. கோலதிகாரம்

‘முனைத்தோல் உழைக்கும்; பிடித்தோல் பிழைக்கும்.’

என்பது சூத்திரம். இது என் நுதலிற்றோ எனின், கோலின் இரு தோல்களையும் வேறுபடுத்துதல் நுதலிற்று.

பை ஆட்டக் கோல் பெரும்பாலும் 58 அங்குல நீளம், 18 முதல் 21 அவுன்ஸ் எடை. நடுவில் திருகிக் கழற்றலாம். அதன் நுனியில் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு தோல் பொட்டு இருக்கும். மிங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தியது அது. பந்தைத் தொடுவதும், சுழற்றுவதும், சாக்குப்பொடி பூசிக்கொள்வதும், தேய்ந்து சாவதும் அந்தப் பொட்டுத்தான். மறுபக்கம் 12 அங்குல நீளத்துக்குச் சுற்றிய பிடித்தோலோ ஆயுளில் ஒரு பந்தையும் தொட்டதில்லை. ஆனால் ‘என்ன அருமையான கியூ!’ என்று யாராவது சொன்னால், பாராட்டு பிடித்தோலுக்கே போய்ச் சேரும். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இச்சூத்திரத்துக்கு மேலும் உரை வேண்டியதில்லை.

அற்றேல், பிடித்தோல் எதற்கு எனின், வியர்வைக்கு என்பார் ஒரு சாரார். போர்த்தாத கொள்கையினர் அதை மறுப்பர். அவர்களுடைய ஆட்டம் ஸ்னூக்கர். அது 1875இல் ஜபல்பூரில் பிறந்தது; 1882இல் ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. உதகையில் விதி வகுத்ததால் வியர்வையை மறந்தார்களோ என்னவோ, ஸ்னூக்கர் கோலின் பிடி இன்றும் வெறும் மரம்தான். அடிப்பக்கத்தில் ஓரிடத்தை மட்டும் தட்டையாகச் சீவியிருப்பார்கள். விரலால் தடவினாலே கோல் எப்படித் திரும்பியிருக்கிறது என்று தெரியும். இந்தத் தட்டையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. புறனடையில் பயன்படும்.

2. தோலதிகாரம்

‘நூலோர் நூலென்ப, தோலோர் தோலென்ப.’

நூலோர் என்றது புலவரை அன்று, ஐரிஷ் லினன் நூல் சுற்றுவோரை. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் கோல் கடைந்து புகழ்பெற்ற ஜார்ஜ் பாலபுஷ்கா (1912–1975) சுற்றியதும் அதுவே. ‘தி கலர் ஆஃப் மணி’ (1986) படத்தில் டாம் குரூஸ் சுழற்றும் கோலைப் பாலபுஷ்கா என்பார்கள். உண்மையில் அது ஜாஸ் நிறுவனம் அவர் பாணியில் செய்த கோல். பார்த்தவர் எவரும் குறை சொல்லவில்லை. பிடியில் பெயரே பெரிது என்பதற்கு இதுவே சான்று.

லினன் வியர்வையைக் குடிக்கும், கூடவே அழுக்கையும் குடிக்கும். தோல் கையோடு பற்றிக்கொள்ளும், துடைத்தால் போயிற்று. தோலிலும் பல வகை. முதலை, உடும்பு போல அச்சடித்த மாட்டுத்தோல் ஓரங்கள் சேரும் பொருத்தை மறைக்கும், ஆகவே தொடங்குவோர்க்கு உரியது. வழவழத்த தோல் ஒரு பிழையையும் மறைக்காது, ஆகவே வல்லார்க்கு உரியது. திருக்கைத்தோல் கத்தியின் முனையையே மழுக்கும், ஆகவே பகைவர்க்குப் பரிந்துரைக்க உரியது. யான் எடுத்தது ஆம்பூரிலிருந்து வந்த வழவழத்த ஆட்டுத்தோல். வல்லவன் என்பதால் அல்ல, துண்டு மலிவாகக் கிடைத்தது.

கனத்தில் கவனம் தேவை. லினன் சுமார் அரை மில்லிமீட்டர், தோல் சுமார் ஒரு மில்லிமீட்டர். நூலுக்கு வெட்டிய பள்ளத்தில் தோலை வைத்தால் இரு ஓரத்திலும் படிக்கட்டு எழும். பள்ளத்தை லேத்தில் கொடுத்து இன்னும் கடைய வேண்டும். லேத்காரர் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பூரிக்கட்டைக்கு இவ்வளவு நீளம் எதுக்கு சார்?” என்றார்.

3. பசையதிகாரம்

‘ஒட்டுங்கால் ஒட்டாது; ஒட்டாக்கால் ஒட்டும்.’

செருப்புத் தைக்கும் இடங்களில் ‘சொல்யூஷன்’ எனப்படும் மஞ்சள் பசையின் இலக்கணம் இது. மரத்திலும் தோலிலும் தடவி, விரலில் பிசுக்கென்று ஒட்டும் நிலை தீரும்வரை காத்திருக்க வேண்டும். விரலில் ஒட்டாதபோதுதான் தோலும் மரமும் ஒன்றையொன்று பற்றும். பற்றினால் பிரிக்க முடியாது. தாலிக்குக்கூட நீதிமன்றம் உண்டு, சொல்யூஷனுக்கு இல்லை.

முதல் முயற்சியில் தோலைச் செவ்வகமாக வெட்டினேன். கோல் மேலே மெலிந்து கீழே பருக்கும் என்பதை மறந்தேன். என் கோலில் பள்ளத்தின் மேல் விட்டம் 26 மில்லிமீட்டர், கீழ் விட்டம் 30. சுற்றளவு முறையே 82, 94. மேலே கச்சிதமாகச் சேர்ந்த தோல், கீழே 12 மில்லிமீட்டர் திறந்து, பொத்தான் தெறித்த சட்டைக்குள் தொந்திபோல மரத்தைக் காட்டியது.

இரண்டாம் முயற்சிக்கு முன் பை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் உபதேசம் பெற்றேன். “தோலை நனைச்சா நீளும் சார். காஞ்சா சுருங்கும். நல்லா காயவிட்டு அப்புறம் ஒட்டுங்க. ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு ஒரே இழுப்பா அறுங்க” என்றார். ‘நீளும்’ என்ற சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. ஈரத்தோடு இழுத்துச் சுற்றி, ஓரங்களை ஏற்றி வைத்து, ஸ்கேல் பிடித்துப் புது பிளேடால் ஒரே இழுப்பில் அறுத்தேன். பொருத்து கண்ணுக்கே தெரியவில்லை. அன்றிரவு என்னைவிடச் சிறந்த கைவினைஞர் இவ்வூரில் இல்லை.

விடிந்தபோது தோல் காய்ந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, தண்டவாளத்தில் விடுவதுபோல.

புறனடை

‘பொருத்து மறைதல் தொழில், தெரிதல் பயன்.’

இது மேற்கூறியவற்றுக்குப் புறம்பாய்க் கிடந்ததைத் தழுவிக்கொள்ளுதல் நுதலிற்று. அவமானத்தோடு கோலை எடுத்து மேசையில் குனிந்தேன். வலக்கைக் கட்டைவிரல் தானாகவே அந்த இடைவெளியில் போய் அமர்ந்தது. அடுத்த அடியிலும் அங்கேயே அமர்ந்தது. குனிந்து பார்க்காமலே கோலின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்னூக்கர்காரர்கள் மரத்தைச் சீவி வாங்கிய தட்டையை யான் தோலைச் சுருக்கி வாங்கினேன். போர்த்தியோரும் போர்த்தாதோரும் ஒரு மில்லிமீட்டரில் உடன்பட்டனர்.

இப்பிழையை இனி வேண்டுமென்றே செய்யலாமோ எனின், செய்யலாம். ஆனால் முதல்முறை தெரியாமல் செய்தால்தான் கை படியும்.

அற்றேல், அன்று ஆட்டத்தில் வென்றீரோ எனின், அவ்வினா இந்நூலுக்குப் புறம்பு. பிடித்தோல் பந்தைத் தொடாது என்று முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டோம். வெற்றி தோல்வி யாவும் முனைத்தோலின் பொறுப்பு.