குரங்குக்கு ஒரு பக்கம்

மாத்தளையில் தெருவுக்கு ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைச் சொல்லவில்லை. அவர் காலைப் பிரட்டுக்கு வந்து நிற்கும் ஆள்களை எண்ணிப் பேர் போடுகிறவர். அதற்குச் சம்பளம் வாங்குகிறவர். தெருக் கணக்கப்பிள்ளையை யாரும் நியமிக்கவில்லை. 2022-ம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி என்ற மழைக்கு முளைத்த காளான் அவர். அதற்கு முன் அவரும் நம்மைப் போல, பையில் இருந்த காசு எங்கே போனது என்று தெரியாமல் நிம்மதியாகத் தூங்கிய மனிதர்தான்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் இரட்டைத் தகுதிக்காரர். றத்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றில் நிஜமாகவே கணக்கப்பிள்ளையாக இருந்து இளைப்பாறியவர். சாய்மனைக் கதிரையில் கிடந்து மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எழுப்பி உட்காரவைத்தது ஒரு கேஸ் சிலிண்டர். பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் முடிவதற்குள் 4,860. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்த்தார். மறுநாள் டவுனுக்கு இறங்கி ஒரு சீ.ஆர். கொப்பியோடு வந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே முதல் செலவு: கொப்பி.

அந்த வருடம் கொப்பி வாங்குவதும் லேசான காரியமில்லை. கடுதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த வருடம். ஆகவே ஒரு கோட்டுக்குள் இரண்டு வரி எழுதுவதென்று அன்றைக்கே தீர்மானித்தார். எழுத்து சின்னதாகச் சின்னதாக, இரண்டாம் வருடம் அதை வாசிக்க அவருக்கே கண்ணாடி வேண்டியதாயிற்று. கண்ணாடிக் காசும் கொப்பியில் இருக்கிறது, 'கொப்பிச் செலவு' என்ற தலைப்பில்.

தலைப்புகள்தான் அவருடைய மேதைமை. அரிசிக்கு ஒரு பக்கம், கருவாட்டுக்கு ஒரு பக்கம், கரண்டுக்கு ஒரு பக்கம், அம்மனுக்கு ஒரு பக்கம். நாய்க்குக்கூட ஒன்று உண்டு. அதைப் பார்த்துச் சிரித்தபோது என்னை முறைத்தார்.

"சிரிக்காதீங்க தம்பி. வெள்ளக்காரன் நாய்க்கு வரி போட்டான்னு கலகம் செஞ்ச ஊரு இது."

பொய்யில்லை. 1848-இல் டொரிங்டன் தேசாதிபதி நாய், துவக்கு, கடை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வரி போட, மாத்தளையே கிளம்பியது. கலகத் தலைவன் புரன் அப்பு அதற்காகத்தான் உயிரை விட்டான். 2024 ஜனவரியில் வற் வரி 15-இலிருந்து 18 வீதமானபோது நாங்கள் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். கணக்கப்பிள்ளை மட்டும் அந்த மூன்று வீதத்துக்குத் தனிப் பக்கம் திறந்தார். அவரளவில் அது ஒரு கலகம்.

தோட்டத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை. மலையில் வேலை குறைந்தால் அரைநாள் சம்பளம்; அதற்கு 'அரைப்பேர்' என்று பெயர். அந்த வார்த்தையால் அழுதவர்கள் எங்கள் ஊரில் நிறைய. இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மகள் வெயில் நேரத்தில் லைட்டைப் போட்டால் அரைப்பேர். பேரன் பல் விளக்கும்போது பைப்பைத் திறந்துவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தால் அன்று பின்னேரத் தேத்தண்ணிக்கு பிஸ்கட் கிடையாது. ஒருநாள் பேரன், "தாத்தா, கக்கூஸ் லைட்ட அணைக்காம வந்துட்டீங்க" என்றான். கணக்கப்பிள்ளை எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, தன் பெயருக்கு எதிரே அரைப்பேர் போட்டார். அன்று பின்னேரம் வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேரன் பிஸ்கட் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேர்மைதான் அவரோடு சண்டை பிடிக்க முடியாமல் செய்கிறது.

கரண்டுப் பக்கத்தில் அறுபது என்ற எண்ணைச் சிவப்பால் வளைத்து வைத்திருக்கிறார். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத் தரமே மாறிவிடும் என்பது வீட்டில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். மாசக் கடைசியில் டோர்ச் அடித்து மீட்டர் பார்ப்பார். ஐம்பத்தெட்டு வந்ததும் மெயின் சுவிட்ச் கீழே. குடும்பம் குப்பி விளக்கைச் சுற்றி உட்காரும். குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டுமே என்று கேட்டேன்.

"அது வேற பக்கம் தம்பி. ரெண்டையும் கலக்கக் கூடாது."

இந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய பொருளாதாரம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு துன்பத்துக்கும் தனி அறை கொடுத்துவிட்டார்; ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாது.

தம்புள்ளைப் படலமும் அப்படித்தான். நாடெங்கும் போகும் மரக்கறி ஏறி இறங்கும் மொத்தச் சந்தை எங்கள் மாவட்டத்திலேயே இருக்க, முச்சந்திக் கடையில் சில்லறை விலை கொடுப்பது மடத்தனம் என்று ஒரு விடியற்காலை பஸ் ஏறினார். அங்கே மூட்டை பிரிக்க மாட்டார்கள். ஆகவே கத்தரிக்காய் மூட்டையொன்று நாவுலை வழியாக பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் மூட்டைக்கும் ஒரு ஆள் காசு கேட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒன்பது நாள் கத்தரிக்காய். பொரியல், பால்கறி, மோஜு, சுட்டுப் பிசைந்தது. ஆறாம் நாள் முதல் எங்கள் வீட்டிலும் கத்தரிக்காய், ஏனென்றால் மிஞ்சியது தெருவுக்குப் பங்காகி வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மரக்கறிப் பக்கத்தின் அடியில் 'மிச்சம்' என்று ஒரு தொகை எழுதி இரட்டைக்கோடு இழுத்திருந்தார். பஸ் காசு போக்குவரத்துப் பக்கத்தில் கிடந்தது.

மனைவியிடம் கொப்பி கிடையாது. ஆனால் அந்த அம்மா கணக்கப்பிள்ளையின் கணக்கை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். "கல்யாணம் கட்டி நாப்பது வருசம் தம்பி. நம்ம வீட்டு மெளகு, நம்ம கொடி. ரசத்துக்குப் பத்து மணி எடுத்தா அன்னைக்கு மார்க்கட் வெலையப் பாத்துட்டு வந்து என் பேர்ல எழுதுறாரு." முற்றத்துச் சாக்கில் காயும் மிளகு விலை ஏறும்வரை காத்திருக்கிறது. கராம்பும் சாதிக்காயும் அப்படியே. வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன மாத்தளையில், வாசனையில்லாத சாப்பாடு கிடைக்கும் ஒரே வீடு அதுதான் என்று நினைக்கிறேன்.

அரசாங்கத்தோடு அவருக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம் என்று ரேடியோவில் சொன்னபோது, "எந்த ஊர்ல?" என்று ரேடியோவையே கேட்டார். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் என்றேன். "கொழும்புக்காரன் திங்கிறதக் கணக்குப் பாத்துட்டு எனக்கு ஏன் சொல்றான்?" நாடு முழுவதற்கும் வேறொரு சுட்டெண் இருப்பதைச் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2025 பெப்ரவரியில் அதே கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம் மறை 4.2 வீதத்துக்கு இறங்கியபோது நிலைமை மோசமானது. மூன்று வருடக் கொப்பியையும் என் முன்னால் விரித்தார். "காட்டுங்க. எங்க எறங்கியிருக்குன்னு காட்டுங்க." கரண்டுப் பக்கத்தைக் காட்டினேன், அந்த ஜனவரியில்தான் கட்டணம் குறைத்திருந்தார்கள். அவர் தேங்காய்ப் பக்கத்தைப் புரட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

தேங்காய் அப்போது இருநூறைத் தாண்டி நின்றது. அது அவருக்குக் கறியில் மட்டும் வந்த வில்லங்கமல்ல. தேங்காய் அறுபது, எழுபது ரூபாய்க்கு விற்ற காலத்தில், மகள் பிரசவத்துக்காக முத்துமாரியம்மனுக்குப் பதினொரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தார். மாசி மகத்தில் ஐந்து தேரும் மாத்தளை வீதியில் வரும்போது உடைப்பதாகப் பேச்சு. கொரோனா, கியூ என்று தள்ளிப்போய், இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான். நேர்ந்த நாளின் விலைக்கு உடைத்தால் மூன்று தேங்காயோடு சரி என்று அம்மன் பக்கத்தில் ஒரு பெருக்கல் வகுத்தல் கிடக்கிறது. அதைக் குறுக்கே வெட்டியும் இருக்கிறார், அம்மனிடம் பயம். கடைசியில் வருடத்துக்கு ஒன்றாகப் பதினொரு வருடம் என்று தவணை போட்டுக்கொண்டார். வட்டி கேட்கமாட்டாள் என்ற நம்பிக்கை.

வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னை நிற்கின்றனவே என்று கேட்பீர்கள். நிற்கின்றன. காய்ப்பது அவருக்கு, பறிப்பது குரங்கு. காட்டோரத்திலிருந்து கூரை கூரையாக வந்து குரும்பையைத் திருகி, ஒரு வாய் கடித்துவிட்டு எறிந்து போகும். எறிந்ததையெல்லாம் பொறுக்கி எண்ணி, முற்றிய தேங்காயின் விலை போட்டு எழுதுவார். கொப்பியில் மிகவும் தடித்த பக்கம் குரங்குடையது. ஓரத்தாள் ஒட்டி ஒட்டி அது வீங்கிப்போயிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் வரவு என்று ஒரே ஒரு பதிவு உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் முழு இலங்கைக்கும் கரண்ட் போய்விட்டதாக மந்திரி சொன்ன நாள். ஊரே சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. அன்று மிஞ்சிய யூனிட்டைக் கணக்கிட்டு, குரங்கின் பேரில் வரவு வைத்தார். "செஞ்சது செஞ்சதுதானே" என்றார்.

அடுத்த மாதம் அவர் வாழ்நாளில் அரசாங்கத்தை மதித்த ஒரே வாரம் வந்தது. மார்ச் 15-ஆம் திகதி காலை எட்டு மணி முதல் எட்டு ஐந்து வரை, அவரவர் காணியில் நிற்கும் குரங்கு, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். நாடு முழுக்க ஒரே நேரத்தில். படிவம் கைக்கு வந்ததும் இரண்டு தடவை வாசித்தார். "இப்பத்தான் ஒரு கணக்குத் தெரிஞ்சவன் மேல வந்திருக்கான்" என்றார்.

அன்று விடிந்ததும் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, கொல்லையில் கதிரை வைத்து உட்கார்ந்தார். ரேடியோ நேரத்துக்கு மணிக்கூட்டைத் திருப்பி வைத்திருந்தார். நானும் வேலியோரம் நின்றேன். வழக்கமாக ஏழரைக்கே வந்துவிடும் கூட்டம். அன்று எட்டாகியும் ஓர் இலை அசையவில்லை. எட்டு மூன்று. எட்டு நான்கு. மயில்கூட அகவவில்லை. எட்டு ஐந்துக்குப் பேனாவைத் திறந்து, படிவத்தின் கட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூச்சியம் போட்டார்.

எட்டுப் பத்துக்கு வந்தன. கூரைத் தகரம் அதிரப் பதினான்கு. ஒன்றின் வயிற்றில் குட்டி வேறு.

"திருத்திடுங்க ஐயா" என்றேன். "அஞ்சு நிமிசம்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

என்னை அவர் பார்த்த பார்வையில் பழைய தோட்டம் முழுவதும் இருந்தது. "பிரட்டுக்கு வராத ஆளுக்கு எப்படித் தம்பி பேர் போடுறது?"

படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். கொப்பியை எடுத்தார். தலைக்கு மேல் குரும்பை ஒன்று திருகப்படும் சத்தம் கேட்டது, நிமிரவில்லை. குரங்குப் பக்கத்தின் ஓரத்தில் இடம் தேடி, அந்தப் பொடி எழுத்தில் எழுதினார்: '8.10. பதினாலு. பிந்தி வந்தது. எல்லாருக்கும் அரைப்பேர்.'