சச்சினுக்கும் மாஸ்டருக்கும் ஒரே வலி

கேள்வி: நான் பரோட்டா மாஸ்டர். டென்னிஸ் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. எனக்கு எப்படி சார் ‘டென்னிஸ் எல்போ’ வரும்?

பதில்: கை பிடித்திருப்பது மட்டையா, மாவா என்று முழங்கை பார்ப்பதில்லை மாஸ்டர்! மணிக்கட்டைப் பின்பக்கம் தூக்கும் தசைகளின் நாண்கள், மேற்கை எலும்பின் வெளிப்பக்க முண்டில்தான் ஒட்டியிருக்கின்றன. நாள் முழுக்க மாவை இறுகப் பிடித்து வீசும்போது இழுபடுவது அந்த இடம்தான். ஆறுவதற்குள் அடுத்த வேலை வந்துவிட்டால் நாண் நைந்துபோகிறது. தச்சர், பெயின்டர், துணி பிழிபவர் என்று யாருக்கும் இது வரலாம். கிரிக்கெட் ஆடிய சச்சினுக்கே வந்தது. 2005-இல் லண்டனில் இடது முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

நீங்கள் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. சில மாதப் பொறுமை போதும். வலி கூட்டும் வேலையைக் குறையுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சி கேளுங்கள்: முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல இறக்குவது அதில் ஒன்று. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். பிறகு வலி திரும்புவது அதிகம்.

வலி உள்பக்கம் என்றால் அது ‘கோல்ஃபர்ஸ் எல்போ’. சுண்டுவிரல் மரத்துப்போனால், நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். உடனே டாக்டரைப் பாருங்கள். ஊருக்குச் சோறு போடும் கை, அதற்கும் ஓய்வு கொடுங்கள்!