அணுசக்தி நகரில் கிதார்க் கழுத்து: ஒரு தடிமன் ஆராய்ச்சி

கிதாரின் கழுத்து எவ்வளவு தடிமனாக இருந்தால் இடது கைக்குச் சுகம் என்ற வினாவைத் தமிழாய்வுலகம் இன்றுவரை சீண்டியதில்லை. சங்க நூல்களில் யாழுக்குக் கோடு உண்டு, பத்தர் உண்டு, திவவு உண்டு, நரம்பு உண்டு. பாணனுடைய இடது கட்டைவிரல் பற்றி மட்டும் மூச்சில்லை. யாழில் நரம்பை மீட்டுவார்களே தவிர கோட்டோடு சேர்த்து அழுத்த மாட்டார்கள், ஆகவே கட்டைவிரலுக்கு அங்கே வேலையில்லை என்று சமாதானம் சொல்வார் உளர். ஏற்கலாம். ஆனாலும் இடைவெளி இடைவெளிதான். முனைவர் பட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆய்வுக் களம் மும்பை அணுசக்தி நகர். செம்பூர் தாண்டி, மான்குர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அணுசக்தித் துறைக் குடியிருப்பு. எதையும் அளக்காமல் நம்பாதவர்கள் இப்படி அடுக்கடுக்காகக் குடியிருக்கும் இடம், கல்பாக்கம் நீங்கலாக, தமிழர் புழங்கும் நிலப்பரப்பில் வேறு கிடையாது. மற்ற ஊர்களில் பையன் கிதார் கேட்டால் அப்பா முதலில் மார்க் ஷீட்டைக் கேட்பார். இங்கே ஸ்பெசிஃபிகேஷன் கேட்பார். அதற்கப்புறம்தான் மார்க் ஷீட்.

ஆய்வுப் பொருள், ஜப்பானில் செய்த எலெக்ட்ரிக் கிதார். ஜப்பான் பெயரைத் தாங்கி இந்தோனேசியாவிலும் சீனாவிலும் பிறப்பவை ஏராளம் என்பதால் எங்கே செய்தது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். குலவரலாறு சுவையானது. நகோயாவில் 1908-இல் ஒரு புத்தகக் கடையின் இசைப்பிரிவாகத் தொடங்கிய ஹோஷினோ, 1929 முதல் ஸ்பெயினின் சால்வடோர் இபான்யெஸ் பட்டறைக் கிதார்களை வரவழைத்து விற்றது. பிற்பாடு அந்தப் பெயரையே தன் சரக்குக்குச் சூட்டிக்கொண்டது. அதுதான் ஐபனெஸ். 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், எங்கள் கிதாரின் தலையைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டது. மறு ஆண்டே சமரசம் ஆயிற்று. கழுத்துக்காக யாரும் கோர்ட் ஏறவில்லை என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்க. 1985-இல் டிராம்பேயில் துருவா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1987-இல் ஐபனெஸின் ஆர்ஜி வரிசை வெளிவந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு வரி இருப்பது மரபு.

தடிமனுக்கு வருவோம். ஆர்ஜியின் பேர்பெற்ற ‘விசார்ட்’ கழுத்து முதல் மெட்டு (ஃபிரெட்) அருகே 17 மில்லிமீட்டர். செம்பூர் மார்க்கெட்டில் கிடைக்கும் நல்ல முருங்கைக்காய் அளவு. மெலிந்த கழுத்தே சுகம் என்பது இளைஞர் கட்சி. கழுத்து கை நிறைய இருந்தால்தான் உள்ளங்கை தாங்கும், இல்லையேல் எஃப் கார்டைப் பத்து நிமிடம் பிடித்ததும் கட்டைவிரலடியில் வலி பிடிக்கும் என்பது மூத்தோர் கட்சி. இரு கட்சிக்கும் சான்றுண்டு, இரண்டும் சரி. தடிமன் விவாதம் இத்துடன் முடிந்தது. இதற்காக வெர்னியர் காலிபர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் மன்னிக்க.

உண்மையில் கை சுகத்தைத் தீர்மானிப்பது தடிமனல்ல, விரல்பலகையின் வளைவு. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பழைய ஃபெண்டர் பாணியில், 1982-இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் மறுபதிப்புகள் உட்பட, விரல்பலகை 184 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. கார்டு பிடிக்க அது சொர்க்கம். ஆனால் மேல் மெட்டுகளில் கம்பியை இழுத்து வளைத்தால் அந்த முதுகில் உரசி ஓசை செத்துவிடும். ஆர்ஜியில் ஆரம் 430 மில்லிமீட்டர், கிட்டத்தட்டத் தட்டை. எவ்வளவு இழுத்தாலும் ஓசை நிற்கும்.

இங்கேதான் நம் வீணை வருகிறது. வீணையில் மெட்டுகள் நேர்க்கோடாகக் கிடக்கின்றன. கணக்கில் சொன்னால் ஆரம் முடிவிலி. ஒரே மெட்டில் நின்று கம்பியை இழுத்து அடுத்த ஸ்வரத்தை எட்டும் கை அங்கே பழகியது. தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்லப்படும் வீணைக்கு 24 மெட்டு, ஆர்ஜிக்கும் 24. ஆகவே கமகம் வாசிக்க நினைக்கும் தமிழ்க் கைக்கு, முடிவிலிக்கு அருகில் இருக்கும் கழுத்தே உகந்தது என்று முடிவு கட்டினேன். மேல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல்காரர் கட்டுரையின் வரைவைப் படித்துவிட்டு, “430 முடிவிலிக்குக் கிட்டக்க, 184 தள்ளியிருக்குன்னு யாருப்பா சொன்னா? ரெண்டும் ஒரே தூரம்தான்” என்றார். கணக்குப்படி அவர் சொல்வது மறுக்க முடியாதது. சுண்டுவிரல்படி நான் சொல்வதும் அப்படியே.

கைக்குக் கருவி வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்கு முன்னுதாரணம் யு. ஸ்ரீனிவாஸ். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி கொண்ட மாண்டலினில் கமகம் படியாததால் ஐந்து ஒற்றைக் கம்பியாக மாற்றி, மின்சாரத்தில் கோத்து வாசித்தார். கப்பல் கட்டும் பொறியியல் படித்த ஆர். பிரசன்னா எலெக்ட்ரிக் கிதாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்கிறார். இவர்களிடம் போய் 17 மில்லிமீட்டரா 19 மில்லிமீட்டரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பிணக்கில்லாத இன்னொரு உண்மை வியர்வை. கழுத்தின் பின்புறம் பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தால் மே மாதத்து மும்பையில் கட்டைவிரல் ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழும் நகர்த்துவது பலாப்பழக் கையோடு பட்டுப்புடவை மடிப்பதற்குச் சமம். எண்ணெய் மட்டும் தேய்த்த வழவழப்பில்லாத கழுத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஐபனெஸின் ஜப்பான் தயாரிப்புகளில் இப்படிப்பட்டவை பல உண்டு. கடையில் ஏசி ஓடும் என்பதால் அங்கே வித்தியாசம் தெரியாது. 1865-இல் தொடங்கி இப்போது தோபி தலாவில் இருக்கும் ஃபர்டாடோஸ் இசைக்கருவிக் கடை வரை ஹார்பர் லைனில் நின்றபடி போய்ச் சேருங்கள். கை தானாகவே ஆய்வுக்குத் தயாராகியிருக்கும்.

கடைசியாக மழை. ஒரு பக்கம் டிராம்பே குன்று, மறுபக்கம் கழிமுகச் சதுப்பு. ஜூலையில் குவார்ட்டர்ஸ் சுவரே வேர்க்கும் ஊரில் மேப்பிள் கட்டை சும்மா இருக்காது. கழுத்தின் வளைவு மாறும், கம்பியின் உயரம் மாறும், ஜனவரியில் சுகமாக இருந்த கிதார் ஆகஸ்டில் விரலைக் கடிக்கும். உள்ளே ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைக் கால் திருப்பு திருப்பினால் சரியாகிவிடும். ஆர்ஜியில் அது தலைப்பக்கமே இருக்கிறது, ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் போதும். பழைய ஃபெண்டர் பாணிக் கிதாரில் அது கழுத்தின் அடியில் இருக்கிறது. அதைத் திருப்ப, கம்பியைத் தளர்த்தி, நான்கு ஸ்க்ரூ கழற்றி, கழுத்தையே தனியாக எடுக்க வேண்டும்.

ஆக, அணுசக்தி நகர்வாசிக்குத் தீர்ப்பு ஆர்ஜி பக்கமே. சினிமாப் பாட்டுக்குக் கார்டு மட்டும் வாசிப்பவர் ஜப்பானில் செய்த பழைய பாணி ஃபெண்டர் வாங்கலாம், ஸ்க்ரூ டிரைவர் பழக்கம் இருந்தால். எதை வாங்கினாலும் மழைக்காலத்தில் வாங்காதீர்கள். டிரஸ் ராடு திருப்பும் சாவி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள்.