ஜாபர்

காலை ஒன்பதேகாலுக்கு முன்னால் ஜாபரிடம் எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். அதற்குப் பிறகும் பேசுவார். ஆனால் உங்களிடம் இல்லை, திரையிடம். "வாடா ராசா, வாடா... அஞ்சு பைசா குடுத்துட்டுப் போடா" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருப்பது ஒரு வங்கிப் பங்கை. மாலை மூன்றரைக்குச் சந்தை மூடியதும் மறுபடி மனிதராகி, "என்னமோ கேட்டீங்களே, சொல்லுங்க" என்பார்.

நாளெல்லாம் பங்கு வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட இந்த ஜாபர் இனத்தைச் சென்னையில் பார்க்க ஏதாவது ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் இரண்டாம் மாடி ஏற வேண்டும். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே நடுக்கும் ஏசி, ஆளுக்கு இரண்டு மூன்று திரைகள், சுவரில் ஒலியை அணைத்துவிட்டதால் வெறுமனே வாயசைக்கும் டிவி. 'ப்ராப் டெஸ்க்' என்பார்கள். வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. பணம் முதலாளியுடையது, எக்ஸ்சேஞ்ச் மெம்பர்ஷிப் முதலாளியுடையது, விரல் மட்டும் ஜாபருடையது.

சம்பளம்? பல இடங்களில் அந்தச் சொல்லே கிடையாது. மாத லாபத்தில் சாஃப்ட்வேர் வாடகை, எஸ்.டி.டி. என்கிற பரிவர்த்தனை வரி, இன்னபிற கழித்து மிச்சத்தில் பாதி என்பதுபோல ஒரு பேச்சு இருக்கும். நஷ்டம் வந்தால் அது அடுத்த மாதத்தின் தலையில் ஏறி உட்காரும். அதை அடைத்த பிறகே பங்கு. சேரும்போதே டெபாசிட் கேட்கிற இடங்களும் உண்டு. வேலைக்குச் சேரப் பணம் கட்டுவது நம் ஊருக்குப் புதிதா என்ன?

ஜாபரின் ஞானம் இரண்டு விசைகளில் அடங்கும். எஃப்1 அடித்தால் வாங்க, நீலப் பெட்டி. எஃப்2 அடித்தால் விற்க, சிவப்புப் பெட்டி. பத்து ரூபாய் ஏறும் என்று அவர் காத்திருப்பதில்லை. ஐந்து பைசா, பத்து பைசா, எடுத்துக்கொண்டு வெளியே வா, மறுபடி உள்ளே போ. நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. அவசரத்தில் வாங்க வேண்டியதை விற்றுவிடுவதும் நடக்கும். "தப்பா அடிச்சுட்டேன்!" என்று அலறல் கேட்கும். அடுத்த நிமிஷமே விலை இறங்கி அந்தத் தப்பு லாபமாகிவிட்டால், "தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்பார். டெஸ்க்கில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு தொலைநோக்கு வாய்த்த நாள் உண்டு. ஆனால் விரல் வழுக்குவதற்கு அவர்கள் பயப்படுவது நிஜம். 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாகப் போன 650 கோடி ரூபாய் ஆர்டர்களால் நிஃப்டி கணநேரத்தில் 15 சதவீதம் சரிந்து, வர்த்தகமே சற்று நேரம் நின்றுபோனது. அந்தக் கதையைப் புதுப் பையன்களுக்குப் பேய்க்கதை மாதிரி சொல்லித்தான் உட்கார வைப்பார்கள்.

கல்யாண வீடுகளில்தான் ஜாபர் மாட்டிக்கொள்வார். "மார்க்கெட்ல இருக்கீங்களாமே, நல்லதா ஒரு ஷேர் சொல்லுங்க தம்பி" என்று பெரியப்பா முறை உள்ள ஒருவர் பந்தியில் பக்கத்து இலையைப் பிடித்துவிடுவார். ஜாபருக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து வருஷமாகத் தினம் வாங்கி விற்கும் பங்கின் கம்பெனி சிமென்ட் செய்கிறதா சோப்பு செய்கிறதா என்பதுகூட அவருக்குச் சந்தேகம்தான். அது பதினொன்றரை மணிக்குச் சோம்பும், இரண்டு மணிக்கு மேல் துள்ளும் என்பது மட்டும் தெரியும். அதைச் சொன்னால் பெரியப்பா நம்ப மாட்டார். ஏதோ ரகசியத்தை மறைக்கிறான் என்று பாயசம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஜாபரின் சொந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்கப் பெரியப்பாவுக்குத் தோன்றாது. நகைச்சீட்டிலும் தபால் ஆபீஸிலும் இருக்கிறது.

மதியச் சாப்பாடு கீபோர்டுக்குப் பக்கத்திலேயே நடக்கும். தயிர் சாதத்துக்கும் ஸ்பூன். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் எத்தனை பைசா ஓடிவிடுமோ! மூத்திரம் போவதென்றால் பக்கத்து ஆளிடம், "பார்த்துக்க, முப்பதுக்குக் கீழ போனா அடிச்சுடு" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஓட வேண்டும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவனை வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்ன டெஸ்க்குகள் உண்டு. கணிதத்தில் எம்.எஸ்ஸி. படித்தவர்தான் மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம் வைப்பதில் முதல் ஆள்.

இத்தனை தெய்வங்களுக்கும் மேலான தெய்வம் ஆர்.எம்.எஸ். ரிஸ்க்கைப் பார்க்கிற ஆள். மூலையில், டீ குடித்துக்கொண்டு, எல்லோருடைய லாப நஷ்டமும் ஓடும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைய நஷ்ட வரம்பைத் தொட்டால் ஒரு வார்த்தை பேசாமல் டெர்மினலைப் பூட்டிவிடுவார். "சார், இன்னும் ரெண்டே நிமிஷம், திரும்பிடும் சார்!" என்ற கதறலுக்கு அவர் காது கேளாது. பூட்டிய பத்தாவது நிமிஷம் விலை உண்மையாகவே திரும்பும். இதை ஜாபர் சாகும்வரை சொல்லிக்காட்டுவார். திரும்பாமல் பாதாளத்துக்குப் போன நாட்களைப் பற்றி அவரிடம் குறிப்பு இல்லை.

ஜாபரின் முன்னோர்கள் தொண்டையால் பிழைத்தவர்கள். செகண்ட் லைன் பீச்சில் மதராஸ் பங்குச் சந்தை இருந்த காலத்தில் விலையைக் கூவித்தான் வாங்கினார்கள், விற்றார்கள். தேசியப் பங்குச் சந்தை 1994இல் திரையோடு வந்தது. தொண்டை போய் விரல் வந்தது. மதராஸ் சந்தை 2015இல் கதவைச் சாத்தியது. இதற்கு முன்பே, தேசியச் சந்தை தன் கட்டடத்துக்குள்ளேயே மற்றவர்கள் தானாக வாங்கி விற்கும் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள இடம் வாடகைக்கு விட ஆரம்பித்தது 2010இல். இப்போது விரலும் போய்க்கொண்டிருக்கிறது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பற்றி, சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதன் மூன்று வருஷக் கணக்கில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம். சொந்தக் கணக்கில் ஆடும் ப்ராப் நிறுவனங்களுக்கோ 2023-24இல் மட்டும் சுமார் 33,000 கோடி ரூபாய் மொத்த லாபம். செய்தியைப் படித்த ஜாபர் ஒரு நாள் முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்த லாபத்தில் 96 சதவீதம் அல்கோ, அதாவது மனித விரல் படாமல் வந்தது என்ற வரி மறுநாள்தான் கண்ணில் பட்டது. பக்கத்து அறையில் தானாக ஓடும் மெஷினைத் தூசி தட்ட வரும் பையனை அன்றிலிருந்து அவர் முறைக்கிறார்.

இதற்கிடையில் ஒரு ஜாபருக்குக் கல்யாணமும் நடந்தது. தலைதீபாவளி 2023இல், நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள்தானே என்று மாமனார் வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அன்று மாலை 6.15 முதல் 7.15 வரை, தீபாவளிக்கென்றே சந்தை திறக்கும் முகூர்த்த வர்த்தகம். லட்சுமி வருகிற நேரம், போகாமல் இருக்க முடியுமா? கங்கா ஸ்நானம், புது வேட்டி, வடை எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளை ஓலா பிடித்துக் கிளம்பிவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பியவரை மாமனார் தட்டு நிறைய மைசூர்பாகுடன் எதிர்கொண்டார்.

"ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மாப்ளே?"

"நாலாயிரம் போயிடுச்சு மாமா."

"கம்பெனிக்குத்தானே?"

"லாபம் வந்தா பாதி கம்பெனிக்கு மாமா."

மாமனார் கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். பிறகு தட்டிலிருந்து இரண்டு மைசூர்பாகை எடுத்து மறுபடி டப்பாவுக்குள் வைத்தார்.